கழற்றிப் பூட்டிய கிட்டார்

பெசன்ட் நகரில் கடலை ஒட்டிய தெருக்களில் ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், ஏசியின் வெளிப்பெட்டி என எதையும் உப்புக்காற்று விட்டுவைப்பதில்லை. எலெக்ட்ரிக் கிட்டாருக்கும் அதே கதிதான். முதலில் தந்தி கறுக்கும். பிறகு பிரிட்ஜில் தந்தியை ஏற்றி இறக்கும் பொடி ஸ்குரூக்கள் துருப்பிடித்து இறுகிவிடும். வால்யூம் குமிழைத் திருகினால் ஆம்ப்ளிஃபயர் கரகரக்கும். அப்போதும் மரமும், தந்தியின் அதிர்வை வாங்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் பிக்கப்பின் காந்தமும் நன்றாகவே இருக்கும். பாகங்களுக்கு ஆயுள் ஒன்றுபோல் இல்லை. கெட்டதைக் களைந்து, வெவ்வேறு பழைய கிட்டார்களில் பிழைத்திருக்கும் பாகங்களைச் சேர்த்து ஒன்றை உருவாக்கினால், ‘ஒரிஜினல் இல்லையே’ என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. இந்தக் கருவி எப்படிப் பிறந்தது என்று பார்த்தால் அந்தச் சுளிப்புக்கு இடமில்லை.

1950இல் கலிஃபோர்னியாவில் தன் முதல் சாலிட்-பாடி எலெக்ட்ரிக் கிட்டார்களை விற்பனைக்குக் கொண்டுவந்த லியோ ஃபெண்டர், ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்தவர். கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். ரிப்பேர்க்காரரின் கண்ணோடுதான் அதை வடிவமைத்தார். கழுத்தைப் பசை போட்டு ஒட்டாமல் நான்கு ஸ்குரூவில் பூட்டினார்; கழுத்து கெட்டால் வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம். 1954இல் வந்த அவருடைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற மாடலில் மூன்று பிக்கப்புகளும் குமிழ்களும் ஒரே தகட்டில் உட்கார்ந்திருக்கும். ஸ்குரூக்களைக் கழற்றினால் மொத்தமாகத் தூக்கிவிடலாம். ராக் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் 1970இல் நாஷ்வில்லில் வாங்கிய பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்களில் மூன்றைப் பிரித்து, நல்ல பாகங்களைச் சேர்த்து ‘பிளாக்கி’ என்ற கிட்டாரை உருவாக்கினார். 2004 ஏலத்தில் அது 9,59,500 டாலருக்குப் போனது. அது கிளாப்டன் பேருக்குக் கிடைத்த விலை என்று சொன்னால் மறுப்பதற்கில்லை. ஆனால் எந்த ஒரிஜினலையும் வாங்க வசதியுள்ளவர், எண்பதுகளின் நடுப்பகுதி வரை இந்த ஒட்டுக் கருவியைத்தானே மேடைக்கு எடுத்துச் சென்றார்?

நம் மரபிலிருந்தே ஒரு ஆட்சேபம் வரலாம். ஒரே பலாமரத்தில் குடைந்த ஏகாண்ட வீணைக்குத்தானே மதிப்பு அதிகம்? உண்மைதான். ஆனால் அந்த ஏகாண்ட வீணையிலும் இருபத்து நான்கு மெட்டுகள் மெழுகில்தான் பதிந்திருக்கின்றன. மெழுகு இளகினாலோ மெட்டு தேய்ந்தாலோ, பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டு மெட்டுகளைப் புதிதாகப் பதிக்கிறார்கள்; இதை மேளம் கட்டுவது என்பார்கள். அது வெறும் பராமரிப்பு, குடத்தையும் தண்டியையும் மாற்றினால் வேறு வீணைதானே என்று கேட்டால், குடம், தண்டி, யாளி முகம் என்று தனித்தனியாகச் செய்து இணைக்கும் ஒட்டு வீணையும் கச்சேரி மேடையில்தான் இருக்கிறது.

பழைய மரத்தில் நாதம் கனிந்திருக்கும் என்பது இன்னொரு பக்கத்து வாதம். மீட்டுக் கட்டுகிறவர்களுக்கு இது சாதகமானது என்றாலும் இதை நம்பி இறங்கக் கூடாது. 2010இல் இண்டியானாபொலிஸில் ஆய்வாளர் கிளாடியா ஃபிரிட்ஸ் குழுவினர் வயலின் வித்வான்களின் பார்வையை மறைத்து, ஸ்ட்ராடிவாரி உள்ளிட்ட பழைய வயலின்களையும் புதியவற்றையும் வாசிக்கச் சொன்னார்கள். பெரும்பாலோருக்கு எது பழையது என்று தெரியவில்லை; பலர் புதியதையே விரும்பினார்கள். வயலினிலேயே இப்படி என்றால், எலெக்ட்ரிக் கிட்டாரில் சத்தத்தின் குணத்தைப் பெரும்பாலும் பிக்கப்தான் தீர்மானிக்கிறது. தலைமுடியைவிட மெல்லிய தாமிரக் கம்பியைக் காந்தத்தைச் சுற்றி ஏறத்தாழ எட்டாயிரம் சுற்று சுற்றிய காயில் அது. மல்டிமீட்டர் ஐந்தாறு கிலோ ஓம் காட்டினால் உயிர் இருக்கிறது; முள் அசையாவிட்டால் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது, மறுபடி சுற்றவேண்டும். பழையதை மீட்பதற்கு உண்மையான நியாயம் மரத்தின் அருமையில் இருக்கிறது. கிட்டாரின் விரல்பலகைக்கு உலகமே நாடும் ஈட்டி மரத்தைக் காக்கத் தமிழ்நாடு 1994இல் தனிச் சட்டமே இயற்றவேண்டி வந்தது. 2017இல் அந்த மரம் சேர்ந்த பேரினம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. அறுத்து இழைத்து ஏற்கெனவே கருவியான ஒரு கழுத்தைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிதாக மரம் தேடுவது வீண்செலவு.

மோசடி பற்றிய ஆட்சேபம்தான் வலுவானது. கதம்பமாகச் சேர்த்ததை ஐம்பதுகளின் கிட்டார் என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல விலைக்காக முழுசாக இருக்கும் பழைய கருவியைப் பிரித்துப் பாகம் பாகமாக விற்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் தவறு. ஆனால் பொய்யைப் பிடிக்கும் வழியும் கருவிக்குள்ளேயே இருக்கிறது. வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் ‘பாட்’ என்ற பாகத்தின் உலோக முதுகில் தயாரிப்பாளர், ஆண்டு, வாரம் மூன்றையும் குறிக்கும் எண்கள் இருக்கும்: 1376612 என்றால் சிடிஎஸ் கம்பெனி 1966இன் பன்னிரண்டாவது வாரத்தில் செய்தது. கழுத்தின் அடியிலும் பெரும்பாலும் தேதி இருக்கும். மீட்டுக் கட்டுகிறவர் இந்த எண்களை அழிக்காமல், எந்தப் பாகம் எந்த ஆண்டுடையது, எது மறுபடி சுற்றியது, எது புதியது என்று ஒரு தாளில் எழுதிக் கருவியோடு கொடுத்துவிட்டால் போதும். முழுசாக இருப்பதைப் பிரிக்கக் கூடாது, பிரிந்து கிடப்பதைச் சேர்க்கலாம், சேர்த்ததை மறைக்கக் கூடாது. இந்த மூன்றையும் கடைப்பிடிப்பவரிடம் ‘இது ஒரிஜினலா?’ என்று கேட்பதைவிட, ‘சுருதி நிற்கிறதா?’ என்று கேட்பதே முறை.