கோபுரத்தைப் பார்க்கும் முன் மண்ணைப் பார்ப்போம்

ஓம் சரவணபவ.

புது மண்டபத் திருப்பணிக்கு முதல்ல மண் சோதனை செய்யணும்னு பொறியாளர் சொல்லியிருக்கார். "மண்ணுக்கடியில போற காசை கோபுரத்துக்குப் போட்டா கண்ணுக்காவது தெரியுமே"ன்னு சிலர் கேட்கிறீங்க. நியாயமான கேள்விதான். நீங்க கொடுத்த ஒவ்வொரு வெள்ளிக்கும் நாங்க பதில் சொல்லணும்.

ரதம் இழுக்கும்போது பார்த்திருப்பீங்க. மழை பெய்த திடல்ல சக்கரம் புதையும். அடியில பலகை போட்டா நகரும். ரதத்தின் எடை குறையல, அகலமா பரவுது. தூணுக்கு அடியில போடுற கான்கிரீட் அடித்தளமும் அந்தப் பலகை மாதிரிதான்.

ஒரு தூண் 40 டன் பாரம் இறக்குதுன்னு வைங்க. அடித்தளம் 2 மீட்டருக்கு 2 மீட்டர்னா, ஒரு சதுர மீட்டருக்கு 10 டன். கெட்டி மண் தாங்கும். இளகின களிமண் 4 டன்தான் பத்திரமா தாங்கும்னா, அதே தூணுக்கு 10 சதுர மீட்டர் வேணும். மண்ணைத் தெரியாம அகலத்தை எப்படி முடிவு பண்றது?

இன்னொன்னும் இருக்கு. பாரம் ஏறினா களிமண்ணுக்குள்ள இருக்கிற தண்ணி மெல்ல மெல்ல வெளியேறும், கட்டடம் வருஷக்கணக்கா இறங்கும். எல்லாப் பக்கமும் சமமா இறங்கினா சமாளிக்கலாம். ஒரு பக்கம் மட்டும் அதிகமா இறங்கினா சுவர் வெடிக்கும், கட்டடம் சாயும்.

தெலுக் இந்தான் சாய்ந்த கோபுரம் நமக்கெல்லாம் தெரியும். 1885-ல் கட்டினது, உயரம் சுமார் 25 மீட்டர். உள்ளே ஊருக்கான தண்ணித் தொட்டி. கீழே இளகின மண், மேலே தண்ணிப் பாரம். அதனாலதான் சாய்ஞ்சது. அங்க படம் எடுத்துட்டு வர்றோம். நம்ம மூலஸ்தானத்துப் பக்கத்துல அப்படி ஒண்ணு நிக்கலாமா?

நம்ம நிலத்துல முன்பக்கம் பழைய தரை. பின்பக்கம் பள்ளத்துல மண் கொட்டி உயர்த்தினது. மண்டபம் ரெண்டு மேலயும் உட்காரப் போகுது. பலவீனம் இப்பவே தெரிஞ்சா அடித்தளத்தை அகலமாக்கலாம், தேவைப்பட்டா பைலிங் போடலாம். கும்பாபிஷேகம் முடிஞ்சு விரிசல் விட்டா, மறுபடியும் பாலாலயம், மறுபடியும் உங்ககிட்டதான் வசூல்.

பூமி பூஜையில பூமாதேவிகிட்ட அனுமதி கேட்கிறோம். எவ்வளவு தாங்குவேன்னு அவங்க சொல்றதையும் கேட்டுக்குவோம்.

ஞாயிறு காலை பூஜை முடிஞ்சதும் கூட்டம். பொறியாளரும் வர்றார். சந்தேகம் இருக்கிறவங்க அவசியம் வாங்க, நேரா கேளுங்க.

முருகன் துணை.