கோயில் தொம்பை

போன வாரம் பேத்தி போனில் கேட்டாள். "தாத்தா, கோடாலிக்கருப்பூர் உங்க ஊர்ப் பக்கம்தானே?" டிசைன் படிக்கிறாள். வகுப்பில் கருப்பூர்ச் சேலையின் படம் காட்டினார்களாம்.

"பக்கம்தான்" என்றேன். செந்துறைக்காரன் நான். உடையார்பாளையம் தாலுகா ஆபீசில் பல வருஷம் குப்பை கொட்டியவன். ஜமாபந்தியில் அந்த ஊர்க் கணக்கைப் புரட்டியிருக்கிறேன். சேலையைப் பற்றி யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

பிறகுதான் தேடிப் படித்தேன். தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்காகக் கொள்ளிடக் கரையில் செய்த சேலை அது. தறியிலேயே பருத்தி நூலோடு ஜரிகையைக் கோத்து பூ நெய்வார்கள். பிறகு அதன்மேல் மெழுகு எழுதிச் சாயத்தில் முக்குவார்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. மெழுகை எடுத்தால் சிவப்புக்கு நடுவே ஜரிகை மினுங்கும். நெய்தவர் போட்ட பூவின்மேல் எழுதுபவரின் கை சரியாக விழ வேண்டும். ஒரு நூல் தள்ளினாலும் போச்சு! 1855-இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசில்லாமல் இறக்க, அரசை வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்டான். வாங்க ஆளில்லாமல் சேலை நின்றுபோனது.

துணியில் எழுதும் வேலை மட்டும் கோயில்களை நம்பிப் பிழைத்தது. விதானம், வாசமாலை, தேரில் தொங்கும் தொம்பை. கடுக்காயில் ஊறிய துணியில், இரும்பும் வெல்லமும் புளித்த கறுப்பால் கோடு இழுப்பார்கள். படிகாரம் தொட்ட இடத்தில் மட்டும் சாயவேர்ச் சிவப்பு பிடிக்கும். கருப்பூர் கலம்காரிக்கு 2021-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

தொம்பை என்று படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. எங்கள் குலதெய்வக் கோயிலில் ஒரு ஜோடி இருந்தது. யாளியும் அன்னமும் எழுதியது. சிக்கல்நாயக்கன்பேட்டையில் வாங்கியதாக அப்பா சொல்வார். ரிட்டயர் ஆனபின் திருவிழாக் கமிட்டியில் என்னைப் பொருளாளராகப் போட்டார்கள். "துணி மங்கிப்போச்சு, பளபளன்னு சாட்டின்ல பிரிண்ட் போட்டுடலாம்" என்று சொன்னது நான்தான். வவுச்சரில் கையெழுத்தும் என்னுடையதுதான்.

நேற்று பூசாரிக்குப் போன் போட்டேன். "அந்தப் பழசா ஐயா? விளக்கு துடைக்க நல்லா இருந்துச்சு. எண்ணெயை நல்லா இழுக்கும்" என்றார். ஒரு துண்டுகூட மிச்சமில்லையாம். சாட்டின் தொம்பை இரண்டே வருஷத்தில் வெளுத்துவிட்டது என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

பொங்கலுக்கு வருகிறாள் பேத்தி. கோயிலுக்குப் போய்ப் பழைய துணி ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். இன்னும் நான் எதுவும் சொல்லவில்லை.