கருவி பேணல்

ஒரு பொருளை ஆக்குவோர்க்கு உலகம் புகழ் தருகின்றது. ஆக்கியதை நாள்தோறும் பேணுவோரை அது பெரும்பாலும் அறிவதேயில்லை. இவ்வுண்மையை யாம் கலாசாலையிற் பயின்ற காலத்தில் உணர்ந்தோமில்லை. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு சிறு லேத் பட்டறையின் கருவியறையிலே, அதுவும் எமது பிழையால் ஒரு முதியவர் வருந்திய பின்னரே, உணர்ந்தோம். இளைய மாணாக்கர்க்குப் பயன்படுமென்று கருதி அதனை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

ஆவடியில் வசித்த யாம் விடுமுறை நாட்களில் மின்சார ரயிலேறி அப்பட்டறைக்குச் சென்று வருவது வழக்கம். அங்கே ஸ்டோர் கீப்பராயிருந்த பெரியவர் தமிழன்றி வேறு எழுத்து அறியார். மைக்ராமீட்டர், வெர்னியர், டிரில் பிட் முதலியவற்றைக் காலையில் எடுத்துக் கொடுப்பதும், மாலையில் எண்ணி வாங்குவதும், பேரேட்டில் பதிவதும் அவர்தம் கடமை. 2014-ஆம் ஆண்டில் அவர் பொருட்டு யாம் ஒரு சிறு கணினி நிரல் எழுதினோம். எக்கருவி எவரிடம் உள்ளது என்பதைத் தமிழிலேயே காட்டும் பதிவேடு அது.

கதவு செய்யும் தச்சர் கீலையும் தாழ்ப்பாளையும் தாமே வார்ப்பதில்லை. செய்து வைத்தவற்றை வாங்கிப் பொருத்துகின்றனர். அவ்வாறே திரையிற் காணும் பொத்தான், பட்டியல், எழுதும் கட்டம் ஆகியவற்றை முன்னரே செய்து வைத்திருக்கும் தொகுதிகள் உள. யாம் கைக்கொண்டது ஜிடிகே என்பது. கலிபோர்னியாவின் பெர்க்லி சர்வகலாசாலையில் மாணவராயிருந்த பீட்டர் மாட்டிஸ், ஸ்பென்ஸர் கிம்பல் என்னும் இருவர் 1995-இல் கிம்ப் என்னும் படம் திருத்தும் மென்பொருளைத் தொடங்கினர். அதற்கு முதலில் மோட்டிஃப் என்னும் பிறர் உடைமையான தொகுதியைப் பயன்படுத்தினர். அது மனத்துக்கு ஒவ்வாமையால் தாமே ஒன்றை இயற்றினர், அதுவே ஜிடிகே. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், விலையின்றி வழங்கலாம். 1998-இல் முதற் பதிப்பும், 2002-இல் இரண்டாவதும், 2011-இல் மூன்றாவதும், 2020-இல் நான்காவதும் வெளிவந்தன.

தமிழெழுத்தைத் திரையில் நேரே காட்டுவதும் சிறு வேலையன்று. ‘கொ’ என்னும் எழுத்தைக் கணினி முதலிற் ககரமாகவும் அதன்பின் ஓர் உயிர்க்குறியாகவும் சேமிக்கின்றது. காட்டுங்காலத்தில் அக்குறி இரண்டாய்ப் பிரிந்து, கொம்பு முன்னும் கால் பின்னுமாய் நிற்றல் வேண்டும். ஜிடிகேயின் கீழிருந்து இதனைச் செய்வன பாங்கோ, ஹார்ஃப்பஸ் என்னும் நூலகங்கள். பெரியவர் தம் திரையில் ‘கொறடு’ என்று பிழையின்றிப் படித்து மகிழ்ந்தபோது, அம்மகிழ்ச்சியின் பின்னே கடல் கடந்த எத்தனையோ பேருடைய உழைப்பு இருந்ததென்பதை யாம் எண்ணிப் பார்த்தோமில்லை.

எட்டாண்டுகள் அந்நிரல் குறையின்றி ஓடிற்று. 2022-இல், புதியதன்மீதுள்ள ஆசையொன்றாலேயே, அதனை நான்காம் பதிப்புக்கு மாற்றினோம். மாலையிற் கணக்கை முடிக்கும் பொத்தானை அழுத்தினால் ‘இன்றைய பதிவுகளை நீக்கலாமா?’ என்றொரு வினா தோன்றும். மூன்றாம் பதிப்பில், விடை வரும்வரை நிரலை அவ்விடத்திலேயே நிறுத்தி வைக்கும் ஒரு கட்டளை இருந்தது. நான்காம் பதிப்பில் அதனை நீக்கிவிட்டனர். யாமோ காரணம் ஆராயாமல், வினாவைத் திரையில் தோன்றச் செய்யும் வேறொரு கட்டளையை அவ்விடத்தில் எழுதி வைத்தோம். நீக்கும் வரி அதற்கு அடுத்து இருந்தது. வினா தோன்றிற்று, ஆனால் நிரல் விடைக்குக் காத்திராது பதிவுகளை அழித்துவிட்டது. பெரியவர் ‘வேண்டா’ என்று அழுத்தியும் பயனில்லாமற் போயிற்று.

அன்று பதினோரு கருவிகள் திரும்பி வரவில்லை. அவை எவரிடம் உள்ளன என்று திரையிற் காண வழியில்லை. ஒன்று குறைந்தாலும் விடை கூறவேண்டியவர் அவரே. யாம் ஓடிச் சென்று பார்த்தபோது, அவர் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. மேசையின் கீழிருந்து பழைய பேரேட்டை எடுத்தார். எட்டாண்டுகளாகக் கணினியோடு கூடவே அதனையும் எழுதி வந்திருக்கின்றார்! ‘தம்பி, லேத்துக்குத் தினமும் எண்ணெய் விடுகிறோம். அது கெட்டுப்போனதாலா விடுகிறோம்?’ என்று மட்டும் கேட்டார். யாம் தலைகுனிந்தோம்.

அன்றிரவு ஜிடிகே ஆசிரியர்கள் எழுதியிருந்த மாற்றக் குறிப்பைப் படித்தோம். காத்து நிற்கும் அக்கட்டளை, ஒரு செயல் முடியுமுன் அதனுள்ளே மற்றொரு செயல் புகுந்து குழப்பம் விளைக்க இடந்தருமென்றும், ஆதலின் விடை வந்தபின் நிகழவேண்டியதைத் தனியே எழுதி இணைக்க வேண்டுமென்றும் தெளிவாகச் சொல்லியிருந்தனர். முதலில் அவர்கள்மீது எமக்குச் சினமே எழுந்தது. படித்து முடித்தபின் அச்சினம் எம்மீதே திரும்பிற்று. நீக்குவதன் காரணத்தைக் கூறி, மாற்று வழியையும் காட்டி, பழைய மூன்றாம் பதிப்பையும் கைவிடாது திருத்தி வரும் அவர்களிடத்தில் குற்றம் யாது? கொடுத்ததை வாங்கிக்கொண்டோம், கூறியதைக் கேளாதிருந்தோம்.

அதுமுதல் யாம் ஒரு நியமம் கொண்டுள்ளோம். புதிய பதிப்பு சோதனைக்கு வருந்தோறும் எமது நிரலை அதில் ஓட்டிப் பார்க்கின்றோம். தமிழெழுத்து உடையுமிடம் கண்டால், அது தோன்றும் முறையை வரிசையாய் எழுதி அனுப்புகின்றோம். இதற்குப் பெரும் புலமை வேண்டுவதில்லை, பொறுமை போதும். மாணவர் இருவர் தொடங்கிய பணியில் நம் கலாசாலை மாணவர்க்கும் இடமுண்டு.

திருத்திய நிரலை யாம் கொண்டுசென்ற நாளில் பெரியவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு, ‘தம்பி, இனி கேட்ட பிறகுதானே அழிக்கும்?’ என்றார். ‘ஆம், ஐயா’ என்றோம். அவர் பொத்தானை அழுத்தி, வினா காத்து நிற்பதைச் சிறிது நேரம் பார்த்திருந்தார். பின்னர்ப் பேரேட்டைத் திறந்து அன்றைய தேதியை எழுதத் தொடங்கினார்.