புலிப் புண்ணுக்குப் பாட்டு

பெருங்கௌசிகனாரின் சங்கப் பாட்டான மலைபடுகடாத்தில் 583 அடிகள். மன்னன் நன்னனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன் ஒருவன், எதிரே வரும் கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறான். எங்கே கால் வழுக்கும், எந்தக் குடியில் என்ன சோறு கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தவன், மலையில் காதில் விழக்கூடிய ஓசைகளை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்குகிறான். அவற்றில் அடுத்தடுத்து வரும் இரண்டு ஓசைகளில் என் மனம் சிக்கிக்கொண்டது. ஒன்று, முள்ளம்பன்றி தாக்கிய கானவனின் அழுகை. மற்றது, புலி பாய்ந்து மார்பில் நீளமாகக் கிழிபட்ட கணவனின் புண் ஆறட்டும் என்று, காப்பாக, கொடிச்சி என்னும் மலைப்பெண் பாடுகிற பாட்டு. முள்ளம்பன்றிக்கு அழுகை, புலிக்குப் பாட்டு. சின்னக் காயக்காரன் வாய்விட்டுக் கத்தலாம். பெரிய காயக்காரனுக்குக் கத்தத் தெம்பிருக்காது, பக்கத்தில் இருப்பவர்தான் ஏதாவது செய்ய வேண்டும். நன்னனின் ஊரான செங்கண்மா இன்றைய செங்கம். பாட்டில் வரும் சேயாறு இன்றைய செய்யாறு. அது பிறப்பது ஜவ்வாது மலையில். நன்னனின் நவிரமலை பர்வதமலைதான் என்பார்கள், இருக்கட்டும். கொடிச்சி பாடியது ஜவ்வாதில் இல்லையென்றாலும் பக்கத்து வீட்டில் என்று தாராளமாகச் சொல்லலாம்.

மலை வைத்தியத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் படித்தவர்கள் எல்லோரும் ஒரே தீர்ப்பைச் சொல்வார்கள். பச்சிலையில் விஷயம் இருக்கிறது, மந்திரம்தான் மூடநம்பிக்கை. ஆகவே நெல்லைப் புடைப்பதுபோல் புடைத்து, மந்திரத்தைப் பதராக ஊதிவிட்டு இலையை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். பகுத்தறிவாளரும் இதைச் சொல்கிறார், சந்தையில் மூலிகைப் பொடி விற்பவரும் இதையே சொல்கிறார். இவ்விருவரும் ஒத்துப்போகும் இடத்தில் கொஞ்சம் நின்று யோசிப்பது நல்லது. என் கட்சி தலைகீழானது. சந்தேகப்பட வேண்டியது இலையைத்தான். பாட்டை, வேப்பிலை அடிப்பதை, கயிறு கட்டுவதை, ஒரே ஒரு நிபந்தனையோடு விட்டுவிடலாம்.

இலையை எடுத்துக்கொள்வோம். மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி என்பது தமிழ்நாட்டில் குழந்தைக்கும் தெரியும். 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும், ஹெபடைடிஸ் பி ஆய்வுக்காக 1976இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பெர்க்கும் மற்றவர்களோடு சேர்ந்து லான்செட் இதழில் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். அந்த வைரஸை உடலில் சுமந்திருந்தவர்களில், கீழாநெல்லிப் பொடி 30 நாள் தின்ற 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் பிறகு வைரஸின் அடையாளம் காணவில்லை. வெற்றுப் பொடி தின்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி ஆனது. பாட்டி வைத்தியம் வென்றது என்று கொண்டாட்டம். பிறகு வேறு நாடுகளில் செய்து பார்த்தார்கள். அந்த முடிவு திரும்பி வரவில்லை. இதில் தியாகராஜன் குழுவின் குற்றம் எதுவுமில்லை; சோதனை என்றால் அப்படித்தான். கவனிக்க வேண்டியது வேறு. காமாலைகளில் பெருவாரியானவை, குறிப்பாக அசுத்த நீரால் வருபவை, சில வாரங்களில் தாமாகவே இறங்கிவிடும். அந்தச் சில வாரமும் கீழாநெல்லியை மோரில் கலக்கிக் குடித்துப் பத்தியம் இருந்தவர் யாருக்கு நன்றி சொல்வார்?

இது ஏமாந்த கணக்கு, போகட்டும். ஆளைக் கொல்லும் கணக்கும் உண்டு. ஆடுதீண்டாப்பாளை என்று ஒரு செடி, பெருமருந்து என்றும் ஈசுரமூலி என்றும் சொல்லப்படும் ஒரு கொடி. இரண்டும் ஒரே குடும்பம், இரண்டும் நம் ஊர்களில் விஷக்கடிக்கும் வயிற்றுப் பூச்சிக்கும் பேர்போனவை. ஆடே தீண்டாததை மனிதன் அரைத்துக் குடித்தான். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில், இளைப்பதற்காக மாத்திரை தின்ற பெண்கள் பலருக்கு அடுத்தடுத்துச் சிறுநீரகம் செயலிழந்தது. மாத்திரையில் இருக்க வேண்டிய சீன மூலிகை மாறிப்போய், இந்தக் குடும்பத்துச் செடி ஒன்று சேர்ந்திருந்தது. அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைச் சுருங்க வைப்பதோடு சிறுநீர்ப் பாதையில் புற்றையும் உண்டாக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இவ்வகைச் செடிகளைப் புகையிலையோடு ஒரே பந்தியில், முதல் வகையில் உட்கார வைத்திருக்கிறது.

ஆயிரம் ஆண்டு அனுபவம் பொய்யாகுமா என்று கேட்பார்கள். அனுபவம் பொய் சொல்லாது. ஆனால் அதற்குக் கிட்டப்பார்வை. தின்ற ராத்திரியே பேதியானால் அந்த இலையை மலைக்காரர் தம் பேரனுக்கும் சொல்லி வைப்பார். பதினைந்து வருடம் கழித்து கால் வீங்கிச் செத்தவரின் சாவை, அவர் என்றோ குடித்த கொடியோடு முடிச்சுப் போட எந்தக் கிராமத்தாலும் முடியாது. முப்பது வீட்டு ஊரில் அதற்கு வேண்டிய பிணங்களும் கிடையாது, கணக்குப் பிள்ளையும் கிடையாது. அப்படியானால் சிறுகுறிஞ்சான்? நல்ல கேள்வி. அந்த இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டால் மணலைப் போட்டதுபோல் இருக்கும். சர்க்கரைக்கொல்லி என்ற பெயரே அதனால் வந்தது. 1887இல் உதகையில் இருந்த டேவிட் ஹூப்பர் அதன் காரணப் பொருளைப் பிரித்தெடுத்தார். மந்திரமே தோற்கும் இந்த வித்தையை யாரும் தம் நாக்கிலேயே சோதித்துக்கொள்ளலாம். ஆனால் நாக்கில் இனிப்பை மறைப்பது ஒரு செய்தி, ரத்தத்தில் சர்க்கரையைக் குறைப்பது இன்னொரு செய்தி. முதலாவதைக் காட்டி இரண்டாவதை விற்பதுதான் பொடிக்கடை.

இனி பாட்டு. ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிகள் கேரளத்தவர் இல்லை, தமிழ் பேசும் பழங்குடியினர். மலையை ஆள்பவர் என்று பெயர். அவர்கள் மலைக்கு வந்த கதை ஒன்று வட ஆர்க்காட்டு மாவட்டக் கையேட்டில் பதிவாகி, 1909இல் எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய ஏழு தொகுதி நூலிலும் ஏறியது. காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் கங்குந்தி வேடர்கள் பெண் கேட்டார்கள். வேளாளர் இளக்காரமாக மறுத்தார்கள். வேடர்கள் ஏழு பெண்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மீட்கப் புறப்பட்ட ஏழு பேர், நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் நாங்கள் செத்தோம் என்று கருமாதி செய்துவிடுங்கள் என மனைவியரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். பாலாற்றில் வெள்ளம். ஆட்கள் கடந்துவிட்டார்கள், நாய்கள் வீடு திரும்பின. வேடரை வென்று, பெண்களை மீட்டு, ஊர் வந்து பார்த்தால் வீட்டில் கருமாதி முடிந்திருந்தது. உயிரோடு நிற்கிறவனுக்கு ஊரில் இடமில்லை. ஏழு பேரும் வேடர் குலப் பெண்களை மணந்து ஜவ்வாது மலையேறினார்கள். வரலாறா என்று என்னைக் கேட்க வேண்டாம். இந்தக் கதையைத் தன் பிறப்புக் கதையாக வைத்திருக்கும் மக்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும்: சடங்கு ஒரு மனிதனை ஊரிலிருந்து வெளியே எடுத்துவிடும். எடுக்கத் தெரிந்தது திருப்பிக் கொண்டுவரவும் செய்யும்.

நோயும் அப்படி ஒரு வெளியேற்றம்தான். வேலைக்குப் போகாமல், சோறு பிடிக்காமல், பேச்சில் சேராமல் திண்ணையில் கிடப்பவனைச் சுற்றி ஊர் கூடி, பூசாரி வேப்பிலை அடித்து, திருநீறு பூசி, கையில் கயிறு கட்டும்போது, அவனை நாங்கள் இன்னும் விட்டுவிடவில்லை என்று சொல்லியாகிறது. காய்ச்சல் கிருமிக்கு இது ஒன்றும் செய்யாது, நோயாளிக்குச் செய்கிறது. நீலகிரித் தோடர்களைப் பற்றி 1906இல் நூல் வெளியிட்ட டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ், முதல் உலகப் போரில் பேச்சும் தூக்கமும் கெட்டுத் திரும்பிய அதிகாரிகளுக்கு ஸ்காட்லாந்து மருத்துவமனையில் வைத்தியம் பார்த்தார். உட்காரவைத்துப் பேசவிட்டார், கேட்டார். வைத்தியத்தின் சாரம் அவ்வளவுதான். தோடர்களிடம் கற்றது என்று சொன்னால் மிகை. ஆனால் கொடிச்சியின் பாட்டைப் பார்த்து அவர் சிரித்திருக்க மாட்டார்.

பாம்பு கடித்தவனை மந்திரிக்கக் கொண்டுபோய்ச் சாகடிக்கிறார்களே என்ற ஆட்சேபம் பலமானது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம், ஆண்டுக்கு 58,000 என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். மந்திரிப்பவரின் புகழுக்குக் காரணமும் எளிது: கடித்த பாம்புகளில் பல விஷமற்றவை, விஷமுள்ளதும் சில நேரம் விஷத்தை இறக்காமல் கடிக்கும். பிழைக்கப் போகிறவனைப் பிழைக்க வைப்பதில் கஷ்டமில்லை. நல்லபாம்போ கண்ணாடிவிரியனோ விஷம் இறக்கிவிட்டால் விஷமுறிவு மருந்து ஒன்றே கதி. பச்சிலை அரைத்துக் குடித்தாலும் சாவுதான், மந்திரித்தாலும் சாவுதான். இங்கே கொல்வது போய்விட்ட நேரம். என் நிபந்தனை இதுவே: பாட்டு வண்டியைத் தடுக்கக் கூடாது. மலைப் பாதையில் போகிற வண்டிக்குள்ளேயே பாடிக்கொண்டு வரட்டும்.

இன்னொரு ஆட்சேபத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. கயிறு கட்டுகிற அதே கை, நோய்க்குக் காரணம் பக்கத்து வீட்டுக்காரியின் செய்வினை என்று குறியும் சொல்லும். ஒருவனை ஊருக்குள் கொண்டுவர இன்னொருத்தியை வெளியே தள்ளும் அந்தக் கணத்தில் சடங்குக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். நம் பழம் புலவர்களும் வாங்கவில்லை. காதலில் மெலிந்த பெண்ணுக்கு முருகன் அணங்கியதாகச் சொல்லிப் பூசாரியான வேலன் வெறியாடும்போது, நற்றிணையில் ஒரு தோழி முருகனையே மடையன் என்கிறாள்: இந்த நோய் உன்னால் வரவில்லை என்று தெரிந்தும் கூப்பிட்டதற்கு வந்து நிற்கிறாயே என்று. தவறான நோய்க்கணிப்பைக் கேலி செய்யத் தெரிந்த அதே மரபுதான் புறநானூற்றில் அரிசில் கிழாரைக் கொண்டு, காயம்பட்டவன் வீட்டில் வேப்பிலை செருகி, வெண்கடுகு தூவி, குழல் ஊதி, மணி அடித்து, காஞ்சிப் பண் பாடி, நறும்புகை காட்டச் சொன்னது. கேலி எங்கே, பாட்டு எங்கே என்பதில் அவர்களுக்குக் குழப்பமில்லை.

சொல்ல வேண்டியது கொடிச்சியைப் பற்றி ஒன்று பாக்கி. அவள் பாடினாள், எதற்காகப் பாடினாள், மார்பில் நீளமான புண் என்பதெல்லாம் மலைபடுகடாத்தில் இருக்கிறது. புண்ணில் எந்த இலையை வைத்துக் கட்டினாள் என்று பெருங்கௌசிகனார் சொல்லவில்லை.