எடை மெஷினும் பத்து இலக்க எண்ணும்

திருவள்ளூர் போகும் மின்ரயில் வியாசர்பாடி ஜீவாவில் நிற்கும். கடற்கரையிலிருந்து கும்மிடிப்பூண்டி போவது வண்ணாரப்பேட்டையில் நிற்கும். வடசென்னையின் ஐந்து ரூபாய் டாக்டர்கள் இருவரும் இந்த இரண்டு நிறுத்தங்களின் பக்கத்தில்தான் வைத்தியம் பார்த்தார்கள். வண்ணாரப்பேட்டை ஜெயச்சந்திரன் 2018 டிசம்பரில் காலமானார். இரண்டு ரூபாயில் தொடங்கிய வியாசர்பாடி திருவேங்கடம் 2020 ஆகஸ்டில் போனார். "அந்த வரிசையில் ஒரு அம்மா கும்மிடிப்பூண்டியில் இருக்காங்க, வாங்க" என்று தொழிற்சங்க நண்பர் கூட்டிப் போனார்.

சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையில், செல்போன் ரீசார்ஜ் கடையை அடுத்து ஒற்றை ஷட்டர். பலகையில் தமிழோடு இந்தியும் ஒடியாவும். மாலையில் நைட் ஷிஃப்ட்காரர்களுக்காக ஒரு தடவை, பகல் ஷிஃப்ட் விட்டு வருகிறவர்களுக்காக எட்டரைக்கு மேல் இன்னொரு தடவை திறக்கிறார்கள். ஃபீஸ் ஐம்பது ரூபாய். ஐந்து ரூபாய் கதையைக் கேட்டுப் போன எனக்கு இது சப்பென்றிருந்தது. டாக்டரம்மா அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"காசே வாங்கலன்னா மாத்திரை டூப்ளிகேட்டுன்னு நினைப்பாங்க சார். இவங்களுக்கு என் ஃபீஸ் ஒரு செலவே இல்ல. ஒரு ஷிஃப்ட் போறதுதான் செலவு."

லீவு போட்டால் அன்றைய கூலி போகும். மாதக் கடைசியில் வருகைக்கான போனஸும் சேர்ந்து போகும். அதனால் இருமலை மூன்று மாதம் சுமந்துகொண்டு திரிகிறார்கள். இவர் கேட்கும் முதல் கேள்வியும் 'உடம்புக்கு என்ன' என்பதில்லை. எந்த ஷிஃப்ட், ஃபர்னஸா, ரோலிங்கா, கிரைண்டிங்கா என்று அரைகுறை இந்தியில் விசாரிக்கிறார். இரும்பு உருக்கும் இடத்திலிருந்து வருபவனிடம் எவ்வளவு தண்ணீர் குடித்தாய், சிறுநீர் என்ன நிறம் என்று கேட்கிறார். பாதி நோய் அதிலேயே தெரிந்துவிடும் போலிருக்கிறது. நெஞ்சில் குழாய் வைத்து அவர் என்னத்தைக் கேட்டார் என்பது எனக்குப் பிடிபடவில்லை, அதை விட்டுவிடுகிறேன்.

எனக்குப் பிடிபட்டது எடை மெஷின். காய்ச்சலோ கை வெட்டோ, யார் வந்தாலும் முதலில் அதில் ஏறி நிற்க வேண்டும். சுவரில் உயரம் அளக்கக் கோடு கிழித்திருக்கிறார்கள். நான் இருந்தபோது ரோலிங் மில்லிலிருந்து ஒரு ஒடிசா பையன் வந்தான். இருமலுக்கு டானிக் கேட்டுத்தான் வந்திருந்தான். 162 சென்டிமீட்டர், 38 கிலோ. டாக்டரம்மா செல்போனில் கணக்குப் போட்டார்: உடல் நிறை குறியீடு பதினான்கரை. பேண்டை முழங்கால் வரை சுருட்டச் சொல்லி, முன்னங்கால் எலும்பின் மேல் கட்டைவிரலை அழுத்திப் பிடித்து எடுத்தார். குழி விழுந்தது. அடுத்த காலிலும் விழுந்தது.

"அட்மிஷன்" என்றார்.

காரணம் பிறகு விளங்கியது. 2022இல் தொடங்கிய தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில் இப்படியொரு சல்லடை இருக்கிறது. காசநோய் உறுதியானவரின் குறியீடு 14 அல்லது அதற்குக் கீழே என்றால் ஆபத்து. இரு காலும் வீங்கியிருந்தால் 16 வரையிலுமே ஆபத்து. மூச்சு நிமிடத்துக்கு 24ஐத் தாண்டினாலும், ஆக்ஸிஜன் 94க்குக் கீழே இறங்கினாலும், பிடிமானம் இல்லாமல் நிற்க முடியாவிட்டாலும் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். எடை மெஷின், விரலில் மாட்டும் கருவி, ஒரு கட்டைவிரல் போதும். அரசு மையங்களில் செய்வதை இவர் தன் ஷட்டருக்குள் செய்கிறார். காசநோய்தானா என்று சொல்லும் சளிப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்கவில்லை. அரசு மருத்துவமனைக்குச் சீட்டு எழுதி, கூடவே ஆளும் அனுப்பினார்.

காசநோய் விஷயத்தில் உலகத்துக்கே பாடம் சொன்ன பூமி இது. பி.சி.ஜி. ஊசி பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை என்று காட்டிய பெரும் ஆய்வு 1968இல் தொடங்கியது, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பக்கத்தில்தான். அதற்கும் முன்பு, 1956இல் தொடங்கிய சென்னை ஆய்வு, சானடோரியத்தில் படுக்க வேண்டியதில்லை, ஏழை நோயாளி தன் வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்று நிரூபித்தது. அந்தப் பையனுக்கு வீடு எங்கே? லைன் வீட்டில் ஒரே அறை, பத்துப் பேர். பகல் ஷிஃப்ட்காரன் எழுந்து போன பாயில் நைட் ஷிஃப்ட்காரன் வந்து படுக்கிறான்.

டாக்டரம்மா அவனிடம் கேட்ட இன்னொரு கேள்வி: "ஐ.பி. நம்பர் க்யா ஹை?" தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் பதிவான தொழிலாளிக்கான பத்து இலக்க எண் அது. அவனுக்குத் தெரியவில்லை. சம்பளத்தில் பிடிக்கிறார்கள் என்பது மட்டும் தெரியும். பிடித்தம் 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். பதினைந்தாயிரம் சம்பளத்தில் பையனிடமிருந்து போவது 113 ரூபாய். அந்தச் சின்னக் காசுக்குப் பின்னால் ஒரு பெரிய உரிமை இருக்கிறது. காசநோய் வந்தவர் நிபந்தனைகளுக்கு உட்பட்டிருந்தால் இரண்டு வருடம் வரை கூலியில் 80 சதவீதம் வாங்கிக்கொண்டு படுத்திருக்கலாம். முக்கிய நிபந்தனை, இரண்டு வருடம் தொடர்ந்து காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும்.

இங்கேதான் டெக்கேதார் என்கிற ஒப்பந்தக்காரன் வருகிறான். ஒப்பந்தம் மாறும்போதெல்லாம் ஆளை வேறு பெயரில், வேறு எண்ணில் புதிதாகச் சேர்த்துக் காட்டுகிறான். சிலர் பிடித்த பணத்தைக் கட்டுவதே இல்லை. கேட்டைத் தாண்டிப் போய்க் கேட்டால் கம்பெனி "அவன் எங்க ஆள் இல்ல" என்கிறது. சட்டப்படி ஒப்பந்தக்காரனின் ஆளுக்கும் சந்தா கட்ட வேண்டிய முதல் பொறுப்பு கம்பெனிக்குத்தான். கட்டிவிட்டு ஒப்பந்தக்காரனிடம் கழித்துக்கொள்ளலாம். ஆக, டெக்கேதாரை மட்டும் திட்டிவிட்டு டீ குடிக்கப் போவதில் அர்த்தமில்லை. அவனை நடுவில் நிறுத்தி வைத்திருப்பதே 'எங்க ஆள் இல்ல' என்று சொல்லிக்கொள்ளத்தானே! ஐந்து ரூபாய் டாக்டருக்கு மாலை போட நாம் எல்லாரும் வரிசையில் நிற்போம். இந்த ஐ.பி. எண்ணைக் கேட்டு யாரும் கம்பெனி கேட்டில் நிற்பதில்லை.

டாக்டரம்மாவின் மேசையில் மருந்துச் சீட்டைவிடக் கடிதங்கள்தான் அதிகம். பையனின் எண்ணை நண்பர் தேடி எடுத்தபோது பதிவு பதினான்கு மாதம்தான் இருந்தது. முந்தைய வேலை வேறு எண்ணில் கிடக்கிறது. 80 சதவீதம் கைக்கு எட்டாது. சாதாரண நோய்ப் பயன், 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள். காசநோய் மருந்தோ ஆறு மாதம். சத்துணவுக்கு அரசு தரும் மாதம் ஆயிரம் ரூபாய் தனி. இரண்டு எண்களையும் ஒன்றாக்கச் சொல்லி இ.எஸ்.ஐ. அலுவலகத்துக்கு ஒரு கடிதம், கம்பெனிக்கு அதன் நகல். ஊருக்குப் போய்விட்டாலும் மாத்திரை தொடர வேண்டுமே என்று அரசின் காசநோய்ப் பதிவேடான நிக்ஷயில் அவனுடைய பதிவு எண்ணை அவன் அண்ணன் போனுக்கும் அனுப்பி வைத்தார்.

அவன் அறையில் இருந்த மீதி ஒன்பது பேருக்கும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ஷிஃப்ட்டை மாற்றிக் கொடுக்கச் சொல்லி டெக்கேதாருடன் ஒரு வாரம் மல்லுக்கட்டி எட்டுப் பேரை வரவழைத்துவிட்டார்களாம். ஒன்பதாவது ஆள் அதற்குள் வேலை மாறி ஆந்திர எல்லை தாண்டி ஸ்ரீசிட்டி போய்விட்டான். "அங்கே தடா பக்கம் யாராவது சங்கத்துக்காரங்க இருக்காங்களா?" என்று டாக்டரம்மா நண்பரைக் கேட்டுக்கொண்டிருந்தார்.