தொட்டியில் நெளியும் தடை

மைசூரின் அசோகா சாலையை விட்டு விலகி, நெருக்கமான சந்துகளுக்குள் நடந்தால் மண்டி மொஹல்லா. சற்றுத் தொலைவில் புனித பிலோமினா தேவாலயத்தின் இரட்டைக் கோபுரங்கள். பெயரிலேயே சந்தை இருக்கும் இந்தப் பேட்டையில் பேரம் உருதுவில் தொடங்கிக் கன்னடத்தில் முடிகிறது. இடையிடையே தமிழும் காதில் விழுகிறது. மளிகைக் கடைகள், கறிக்கடைகள், ஈரம் காயாத மீன்கடைகள்.

கடல் இங்கிருந்து வெகு தூரம். மங்களூரிலிருந்து பனிக்கட்டிப் பெட்டியில் வருவது கடல்மீன். கட்லாவும் ரோகுவும் ஏரி, அணைக்கட்டுகளில் வளர்ந்தவை. பிறப்பால் அவையும் வடக்கத்திக்காரர்கள்தான். கங்கைச் சமவெளியிலிருந்து தெற்கே கொண்டுவரப்பட்டுக் குஞ்சு விடப்பட்டவை. அவற்றை யாரும் அந்நியர் என்று சொல்வதில்லை.

வம்பு வேறொரு மீனால் வந்தது. மீசை வைத்த, வழுவழுப்பான ஆப்பிரிக்கக் கெளுத்தி. வட இந்தியாவில் 'தாய் மாகூர்' என்பார்கள். 1990களில் வங்கதேசம் வழியாகக் கள்ளத்தனமாக வந்ததாகச் சொல்லப்படும் இந்த மீனை வளர்க்க மத்திய அரசு 2000இல் தடை விதித்தது. காற்றையே சுவாசிக்கும், சாக்கடை போன்ற தண்ணீரிலும் பிழைக்கும், சில மாதங்களில் கிலோக்கணக்கில் பெருக்கும். கோழிக் கழிவைப் போட்டே வளர்த்துவிடலாம். ஆதாயம் அங்கேதான், ஆபத்தும் அங்கேதான். மழையில் குட்டை உடைந்து ஆற்றுக்குத் தப்பினால், நாட்டு மீன்களையும் அவற்றின் முட்டைகளையும் விட்டுவைக்காது. 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், இருப்பில் உள்ளவற்றை அழிக்கச் சொல்லும் அளவுக்குப் போனது.

பிறகும் வளர்ப்பு ஏன் நிற்கவில்லை? கடலோரத்தோடு ஒப்பிட்டால் புரியும். சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் இறால் பண்ணைகளுக்குக் கடிவாளம் போட்டது. 2005இல் தனிச் சட்டமும், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையமும் வந்தன. பதிவு செய்யாமல் பண்ணை நடத்த முடியாது. ஆனால் அந்த ஆணையத்தின் அதிகாரம் உப்புத் தண்ணீரோடு முடிகிறது. நன்னீர் மீன்வளம் அரசியல் சட்டப்படி மாநிலங்களின் பொறுப்பு. கர்நாடகத்திலும் 1996ஆம் ஆண்டு உள்நாட்டு மீன்வளச் சட்டம் உண்டு. ஊருக்கு வெளியே, வேலிக்குப் பின்னால் இருக்கும் குட்டையை யார் போய்ப் பார்ப்பது என்பதுதான் கேள்வி.

கடை வாசலிலும் சிக்கல் தீருவதில்லை. நாட்டுத் தேளி தடை செய்யப்பட்டதல்ல. இரண்டும் ஒரே சாயல். மண்டை ஓட்டின் வடிவத்தைப் பார்த்து நிபுணர் பிரித்துச் சொல்லலாம், பை தூக்கி வந்த குடும்பத் தலைவியால் முடியுமா? மலிவான மீன் ஏழை வீட்டுக் குழம்பு. சட்டம் தொட்டிக்காரரை மட்டும் பிடித்தால், குட்டைக்காரர் தப்பிவிடுகிறார்.

கள்ள மீன் மட்டுமே குற்றவாளி என்றும் சொல்ல முடியாது. நல்லெண்ணத்தோடு 1970களிலிருந்து பண்ணையில் பொரித்துக் காவிரியில் விடப்பட்ட நீலத் துடுப்பு மஹசீர் பெருகியது. காவிரிக்கே உரிய திமில் மஹசீர் அருகியது. அதற்கு முறையான அறிவியல் அடையாளம் கிடைத்த 2018ஆம் ஆண்டிலேயே, அது மிகவும் அழிவாபத்தில் இருக்கும் இனங்களின் பட்டியலிலும் சேர்ந்தது. ஆற்றில் விட்ட மீனைத் திரும்பப் பெற வழி கிடையாது. எனவேதான் கண்காணிப்பு குட்டையிலேயே, குஞ்சுப் பருவத்திலேயே தொடங்க வேண்டியிருக்கிறது.

மைசூருக்கு அருகே கிருஷ்ணராஜ சாகரைத் தாண்டும் காவிரிதான் மேட்டூருக்கு வருகிறது. தண்ணீருக்குக் கணக்கு உண்டு, வழக்கு உண்டு, ஆணையம் உண்டு. அதே தண்ணீரில் நீந்தி வரும் மீனை எந்த மதகிலும் யாரும் எண்ணுவதில்லை. மண்டி மொஹல்லாவில் எடைத்தட்டில் விழும் மீன் எந்தக் குட்டையில் வளர்ந்தது என்ற விசாரிப்பு மேட்டூர்க்காரர்களுக்கும் சேர்த்துத்தான்.