அம்மாவின் தாலாட்டு கேசட்

1987-இல் அம்மா பாடிய தாலாட்டுக் கேசட்டைக் கணினியில் ஏற்றி, ஆடாசிட்டியில் (இலவச மென்பொருள்தான்) பாட்டுப் பாட்டாகப் பிரித்துவருகிறேன். பாட்டு தொடங்கும் இடத்திலிருந்து முடியும்வரை மவுஸால் இழுத்து, கண்ட்ரோலையும் பி-யையும் சேர்த்து அழுத்தினால் கீழே ஒரு லேபிள் வரும். அதில் முதலடியை எழுதிவிடுவேன். கடைசியில் லேபிள்படி ஏற்றுமதி செய்தால், ஒவ்வொரு பாட்டும் அதே பெயரில் தனிக் கோப்பாகிவிடும். மூல ஒலியில் கை வைக்கவே வேண்டாம்.

நடுநடுவே அம்மா கோழி விரட்டுகிறாள். "அடுப்பைப் பாருடி" என்று தங்கையை அதட்டுகிறாள். "பாத்துட்டேம்மா" என்கிறது தங்கையின் குரல்.

"பேச்சையெல்லாம் வெட்டிடுங்கப்பா, பாட்டு மட்டும் போதும்" என்றான் மகன்.

தங்கை போய் ஆறு வருடமாகிறது. அவள் குரல் வேறு எதிலும் இல்லை. அந்த 9 விநாடிக்கும் 'அடுப்பு' என்று லேபிள் போட்டு, அவள் மகளுக்கு முதலில் அதைத்தான் அனுப்பினேன்.